விடுமுறை முடிந்த பின்: இறப்பர்த் தோட்டக் குடும்பமும் நமது புனைகதையும்

தமிழ்ப் புனைகதையிலே பாடசாலை விடுமுறை பெரும்பாலும் ஒரு பயணமாகவே இடம்பெறுகின்றது. பிள்ளை பாட்டன் வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ செல்கிறது; மரம் ஏறுகிறது, ஆற்றில் குளிக்கிறது, பெரியவர்களின் உலகத்தை ஓரமாக நின்று பார்க்கிறது; பின்னர் சற்று வளர்ந்த பிள்ளையாக வீடு திரும்புகிறது. இக்கதைகள் யாவற்றுக்கும் அடியிலே சொல்லப்படாத ஓர் உறுதி கிடக்கின்றது: விடுமுறை முடிந்ததும் பிள்ளை பாடசாலைக்குப் போகும் என்பதே அது. வாசகரும் ஆசிரியரும் அதனை ஐயுறுவதில்லை. அவ்வுறுதி இல்லாத ஒரு குடும்பத்திலே விடுமுறை என்ன பொருள் பெறுகின்றது என்ற வினாவையே இக்கட்டுரை எழுப்ப முனைகின்றது. கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களிலே அவ்வினா கற்பனையானதன்று. அது ஆண்டுதோறும் தவணை தொடங்கும் நாளன்று வகுப்பறையில் எழும் வினா.

முதலிலே தமிழகத்துக் கதைகள் இரண்டினை நோக்குவோம். தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ ஒரு ரயில் பெட்டிக்குள் நிகழ்கின்றது. மாமன் வீட்டுக்குப் போய்த் தந்தையோடு திரும்பும் சிறுவன் ஒருபுறம்; வீட்டுவேலைக்கெனக் கல்கத்தாவுக்கு அனுப்பப்படும் சிறுமி மறுபுறம். தான் தின்னாது பொத்தி வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தைச் சிறுவன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். கதையின் உயர்வு அக்கொடையிலேயே உள்ளதென்பது பலரும் கூறியதே. ஆயினும் ஒன்றை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கதை சிறுவனின் தந்தையின் கண்ணாற் சொல்லப்படுகின்றது. வண்டி நின்றதும் அவர்கள் இறங்கித் தம் வீட்டுக்குப் போய்விடுகின்றனர்; சிறுமியின் பயணமோ நீள்கின்றது. நாம் சிலிர்ப்பது வீடு திரும்பியவர்களின் பக்கத்தில் நின்றுதான். அச்சிறுமி விட்டுவந்த வீட்டில் அன்றிரவு என்ன பேசப்பட்டது, அவளது தம்பி தங்கையருக்கு எவர் சோறு இட்டார் என்பவை கதையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இது ஜானகிராமனின் குறையன்று. அவர் தெரிந்தெடுத்த கோணத்தின் இயல்பு. ஆனால் மற்றைக் கோணத்திலிருந்தும் ஒரு கதை எழுதப்படலாம் என்பதை அக்கதையே நமக்கு உணர்த்திவிடுகின்றது.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ அவ்வகையிலே ஒருபடி உள்ளே செல்கின்றது. தீபாவளிக்கு முதல்நாள் ஓர் ஏழைத் தாயின் வீட்டுக்குள் நாம் நிற்கின்றோம். எத்தனை துணி உண்டு, எத்தனை பிள்ளை உண்டு என்ற எண்ணிக்கைதான் அங்கு நாடகம். எவருமற்ற இன்னொரு சிறுவன் வந்து சேரும்போது அவ்வெண்ணிக்கை குலைகின்றது. குலைந்த கணக்கிலிருந்து அன்பு பிறக்கின்றது. வறுமையைக் காட்டுவதற்கு அழகிரிசாமி கலகத்தையோ மரணத்தையோ நாடவில்லை. ஒரு துண்டுத் துணி அவருக்குப் போதுமானதாயிற்று. அன்றாடக் குடும்ப நிகழ்ச்சியும் வரலாறு இயங்கும் இடமே என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இவ்விரு கதைகளையும் உரைகல்லாகக் கொண்டு மலையகப் புனைகதையை அணுகும்போது நாம் பெருமிதமும் ஏமாற்றமும் ஒருங்கே அடைகின்றோம். பெருமிதத்துக்குக் காரணங்கள் உள. சி. வி. வேலுப்பிள்ளை தொடக்கிவைத்த மரபு வலிமையானது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும் நந்தியின் ‘மலைக்கொழுந்து’ம் 1964இல் நாவலுக்குள் தோட்டத்தைக் கொணர்ந்தன. 1971இல் வெளிவந்த ‘கதைக்கனிகள்’ மலையகச் சிறுகதையாளரை ஒரு தொகுதியாக நமக்கு அறிமுகஞ் செய்தது. தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ 1979இலும் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1980இலும் நூலுருப் பெற்றன. ஜோசப்பின் ‘மீன்கள்’ லயத்து ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம் முழுவதும் இரவைக் கழிக்க நேரும் அவலத்தை எதிர்கொண்டது. வீட்டின் அளவு மனிதரின் மானத்தை எவ்வாறு நெரிக்கின்றது என்பதைச் சொற்சிக்கனத்தோடு உணர்த்தியது.

ஏமாற்றம் எங்குள்ளதெனில், நமது விமர்சனம் அடிக்கடி எடுத்துப் பேசும் படைப்புகள் தேயிலை மலையையே மலையகமாகக் கொண்டுள்ளமையில் உள்ளது. கொழுந்து, கூடை, பனி, மட்டக்கம்பு, நிறுவை என்பன தோட்டம் என்ற சொல்லுக்கே உரிய அடையாளங்களாகிவிட்டன. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளிலே சிங்களக் கிராமங்களுக்கிடையிற் சிதறிக்கிடக்கும் இறப்பர்த் தோட்டத்து வாழ்க்கைக்கு இவ்வடையாளங்கள் பொருந்தா. அங்கே வேலையின் நேரம் வேறு. மழையின் பொருள் வேறு. தாய் வீட்டிலிருக்கும் பொழுதும் வேறு.

இன்னொரு காரணமும் உண்டு. 1960களிலும் 1970களிலும் ஈழத்து விமர்சனம் தேசிய இலக்கியம், மண்வாசனை, வர்க்க முரண்பாடு என்ற அளவுகோல்களை வகுத்துத் தந்தது. கைலாசபதியும் சிவத்தம்பியும் ஆற்றிய பணியின் பயனாகவே தோட்டத் தொழிலாளி இலக்கியத்துக்குரிய மாந்தனாக ஏற்கப்பட்டான் என்பதை மறுப்பார் இலர். எனினும் அவ்வளவுகோல்களைப் பின்வந்தோர் கையாண்ட முறையிலே ஒரு சுருக்கம் நேர்ந்தது. வேலைநிறுத்தமும் நிறுவையும் கங்காணியின் கொடுமையும் சமூகம் எனப்பட்டன. தலைவாரிப் பின்னுதலும் கொப்பிக்கு உறை போடுதலும் வெறும் வீட்டுச் செய்தி எனப்பட்டன. களத்திலே உழைப்பு இருந்தது. அடுக்களையிலே பாசம் இருந்தது. அடுக்களையிலும் உழைப்பும் கணக்கும் முரண்பாடும் உண்டு என்பது கவனிக்கப்படவில்லை.

இறப்பர்த் தோட்டக் குடும்பத்தின் ஓராண்டினைப் பாடசாலைத் தவணைகளோடு வைத்துப் பார்ப்பின் இது தெளிவாகும்.

இலங்கையிலே பாடசாலை ஆண்டு மரபாகத் தை மாதத்தை ஒட்டித் தொடங்குவது. சித்திரை, ஆவணி, மார்கழி ஆகியவற்றை ஒட்டி மூன்று விடுமுறைகள். 2020இன் பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் இவ்வொழுங்கைச் சில ஆண்டுகள் குலைத்தன. ஆயினும் குடும்பங்களின் மனத்திலுள்ள நாட்காட்டி பழையதே. அதே தை, மாசி மாதங்களிலேதான் இறப்பர் மரம் இலையுதிர்க்கின்றது. தளிர்த்து முற்றும்வரை பால் குறைகின்றது. குறித்த கிலோவுக்குப் பால் குறைந்தால் முழுப்பேர் இல்லை. தீபாவளிக்குப் பெற்ற முற்பணமும் அடுத்துவரும் சம்பளங்களிலே கழிபடும். ஆகவே சப்பாத்து, பை, கொப்பி ஆகியவற்றின் செலவும் வருவாயின் வீழ்ச்சியும் ஒரே வாரத்திலே வந்து லயத்துக் கதவைத் தட்டுகின்றன. 1980 முதல் பாடநூல்களும் 1993 முதல் சீருடைத் துணியும் அரசினால் இலவசமாக வழங்கப்படுவதனால் சுமை குறைந்தது உண்மை. ஆனால் துணி சீருடையாவதற்குத் தையற்கூலி வேண்டும். நான்கு பிள்ளைகளுள் எவருக்கு இம்மாதம் தைப்பது, எவர் அண்ணனின் காற்சட்டையைச் சுருக்கிப் போடுவது என்ற தீர்ப்பு இரவு விளக்கடியில் வழங்கப்படுகின்றது. அழகிரிசாமியின் தாய் எண்ணிய அதே எண்ணிக்கைதான் இது. தீபாவளி ஆண்டுக்கு ஒருமுறை வருவது; இத்தீர்ப்போ பல தடவை வழங்கப்படுவது.

சித்திரை விடுமுறை வெயிலோடும் புத்தாண்டோடும் வருகின்றது. தமிழகக் கதைகளிலே கோடை விடுமுறைக்குப் பாட்டி ஊர் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாட்டி பெரும்பாலும் அதே லயத்தின் மூன்றாவது காம்பராவில் இருப்பாள். அல்லது கடலுக்கு அப்பால் இருப்பாள். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். 1980களின் நடுப்பகுதியிலே தலைமன்னார்க் கப்பல் நின்றபோது பிரிவும் நிலைத்தது. இவ்வெண்களை நாம் அரசியல் வரலாறாகவே படிக்கின்றோம். ஒரு பிள்ளையின் விடுமுறையிலிருந்து போவதற்கு ஓர் ஊர் நீக்கப்பட்டதாகவும் அவற்றைப் படிக்கலாம். நாடுகடத்தலைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் பெரும்பாலும் புகையிரத நிலையத்தின் அழுகையோடு முடிந்துவிடுகின்றன. அடுத்த சித்திரையில் “எங்கே போவது?” என்று பிள்ளை கேட்கும் கேள்வியும் அக்கதைகளின் பகுதிதான்.

ஆவணி விடுமுறையிலே இறப்பர்க் காய்கள் வெடிக்கும். பட்டென்று ஒலி எழும்பும்; விதைகள் லயக்கூரைத் தகரத்தின்மேற் சிதறும். பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி, கல்லில் உரைத்துச் சூடேற்றி, பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவர். இது விளையாட்டு. ஆனால் அதே காலையிலே அப்பிள்ளைகள் தாய்க்குப் பின்னே வாளி தூக்கிச் சென்றும் இருப்பர். பால்வெட்டு விடியுமுன் தொடங்குவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குன்றும். வெட்டி முடித்த மரங்களுக்கு மீண்டும் சென்று சிரட்டைகளிலுள்ள பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். சிரட்டையிலும் வெட்டிலும் உறைந்த ஒட்டுப்பாலைப் பிள்ளையின் சிறு விரல்கள் விரைவாய் உரித்தெடுக்கும். விடுமுறையிலே ஒரு பிள்ளை உடன்வந்தால் தாய்க்குக் கிலோ கூடும். தவணை தொடங்கியதும் அக்கிலோ குறையும். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவதென்பது இங்கே ஆசீர்வதித்து அனுப்புவது மட்டுமன்று. கையிலிருந்த ஒரு வருவாயைத் துறப்பதுமாகும்.

காலைப்பொழுதைப் பற்றியும் சொல்லவேண்டும். தேயிலைத் தோட்டத்துத் தாய் பிள்ளையை ஆயத்தஞ் செய்துவிட்டுக் கொழுந்துக்குப் போகும் சாத்தியம் சிறிதாயினும் உண்டு. பால்வெட்டும் தாய் பிள்ளை விழிக்குமுன் போய்விடுகிறாள். எனவே இறப்பர் லயத்தின் காலை பெரும்பாலும் தாயில்லாத காலை. ரொட்டி சுடுவது, தம்பியின் முகங் கழுவுவது, தங்கைக்குச் சடை பின்னுவது, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விடுவது எல்லாம் மூத்த மகளின் கடன். அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம். மற்றவர்களை அனுப்பிவைத்த பின்னர் தான் புறப்பட நேரமில்லாது போன நாட்கள் முதலில் வாரத்துக்கு ஒன்று; பின்னர் மூன்று; அதன்பின் அவள் போவதேயில்லை. எவரும் அவளை நிறுத்தவில்லை. கொடியவர் எவரும் இக்கதையில் இல்லை. ஆகவேதான், கொடியவரைத் தேடும் விமர்சனத்தின் கண்ணுக்கு இக்கதை புலப்படவுமில்லை.

மழையும் இங்கு வேறு பொருளுடையது. சப்பிரகமுவையின் மழை இலக்கியத்திலே குளிர்ச்சியாக வரும். நாளிதழிலே பேரிடராக வரும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து பலர் மாண்டபோது நாடு முழுவதும் கேகாலையைத் திரும்பிப் பார்த்தது. அப்பார்வை வேண்டியதே. ஆனால் மழைக்காலத்து ஏனைய நாட்களிலே மரத்தின் வெட்டுப்பட்டை நனைந்துவிட, பால்வெட்டு நிற்கின்றது, வேலை இல்லை. அன்று தாய் வீட்டிலிருக்கிறாள். பிள்ளைக்கு அது மகிழ்ச்சியான நாள்: சூடான ரொட்டியும் தாயின் மடியும் உண்டு. தாய்க்கு அது செக்றோலிலே பேர் விழாத நாள். ஒரே மழை ஒரே அறைக்குள் ஒருவருக்கு விடுமுறையாகவும் ஒருவருக்குக் கடனாகவும் பெய்கின்றது. ஒரு சிறுகதைக்கு இதனினும் வேறு முரண் வேண்டுமா?

செக்றோல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. தோட்டத்துப் பேச்சிலே ஒரு நாட்கூலி ‘பேர்’ எனப்படும், குறைந்தால் ‘அரைப்பேர்’. பாடசாலையிலும் ஒரு பேரேடு உண்டு, வரவு இடாப்பு. ஒரு பிள்ளையின் பெயர் இவ்விரு ஏடுகளுள் எதனிற் பதியப்படும் என்பதுவே தோட்டக் கல்வியின் நூறாண்டு வரலாறு எனலாம். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யுமாறு தோட்ட முகாமையைப் பணித்தது. பத்து வயதோடு எல்லை வகுத்ததிலேயே அக்காலத்தின் எதிர்பார்ப்பு வெளிப்படுகின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளோ, 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையானதைத் தொடர்ந்துதான் படிப்படியாக அரசிடம் சேர்ந்தன. ஐந்து முதல் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயம் என்ற ஒழுங்குவிதி 1997இல் பிறந்தது. 2016இல் அது பதினாறாக உயர்ந்தது. 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் பதினாறாயிற்று. அதே 2021இல், கொழும்பிலே ஒரு வீட்டில் வேலைக்கிருந்த பதினாறு வயது மலையகச் சிறுமி தீக்காயங்களோடு இறந்தாள். நாடு சினந்தது. ‘சிலிர்ப்பு’க் கதையின் வண்டி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றது என்பதே நமக்கு அன்று தெரிந்தது.

இங்கே என் நினைவொன்றைக் கூறுதல் பொருத்தமாகும். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிலே ஐந்தாம் வகுப்புப் படித்த காலம். புலமைப்பரிசிற் பரீட்சைக்குரிய ஆண்டு. என் வாங்கிலே இருந்த பெண்பிள்ளை கணக்கிலே வகுப்புக்கு முதல்வி. சித்திரை விடுமுறைக்கு முதல்நாள் என்னுடைய கவராயத்தை இரவல் வாங்கிச் சென்றாள். தவணை தொடங்கிய நாள் அவள் வரவில்லை. ஆசிரியர் இடாப்பைத் திறந்து அவள் பெயரை அழைத்தார், மறுநாளும் அழைத்தார். இரண்டு வாரம் கழிந்தபின் அழைப்பதை நிறுத்திவிட்டார். அவளைக் கொழும்பிலே ஒரு வீட்டில் “பிள்ளை பார்க்க” விட்டிருப்பதாக லயத்திலே பேசிக்கொண்டனர். ஒருநாள் அவளுடைய தாய் எங்கள் வாசலுக்கு வந்து, “தம்பி, ஒங்க சாமான் எங்க வீட்டுல கெடந்துச்சு” என்று கவராயத்தைத் தந்துவிட்டுச் சென்றார். அதனைக் காகிதத்திலே சுற்றி நூலாற் கட்டியிருந்தார். வேறொன்றும் பேசவில்லை. நான் மகிழ்ந்தேன், தொலைந்ததென நினைத்திருந்த பொருள் கிடைத்ததல்லவா? அம்மகிழ்ச்சியை எண்ணி வெட்கமுறப் பல்லாண்டு சென்றன.

இதனை இங்கே எழுதுவது இரக்கத்தை வேண்டியன்று. இலக்கியம் என்ற வகையிலே இந்நிகழ்ச்சி எங்கு நிகழ்ந்தது என்ற வினாவுக்காகவே. அது கொழும்பு வீட்டிலும் நிகழவில்லை. பேருந்து நிலையத்திலும் நிகழவில்லை. அவளது பெற்றோர் புத்தாண்டுக்கும் தவணைத் தொடக்கத்துக்கும் இடையில் ஓரிரவு பேசிய பேச்சிலே நிகழ்ந்தது. அப்பேச்சை நாம் அறியோம். அதனை அறியவல்லது புனைகதை ஒன்றே. புள்ளிவிபரம் இடைவிலகலை எண்ணும். செய்தித்தாள் மரணத்தை எழுதும். தாய் கவராயத்தைச் சுற்றிக் கட்டிய நூலைக் கதைதான் காணவேண்டும்.

“இவை சமூகவியல் தரவுகள், இவற்றைக் கதையிலே அடுக்கினால் இலக்கியமாகிவிடுமா?” என ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. இலையுதிர் காலத்தையும் கிலோக் கணக்கையும் அடுக்குவதனால் மட்டும் ஒரு கதையும் உயிர்பெறாது. வாளி தூக்கிய பிள்ளையைக் காட்டிக் கண்ணீரை வரவழைப்பதும் எளிது. அவ்வகைக் கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நாம் வேண்டுவது வேறு. அக்குடும்பத்தின் மகிழ்ச்சியும் அவ்வாறே உண்மையாகக் காட்டப்படல் வேண்டும். விதைவெடிப்பின் ஆரவாரமும், புதுக்கொப்பியின் மணத்தை முகர்ந்து பார்க்கும் பிள்ளையும், எழுத்தறியாத தந்தை பழைய நாளிதழைக் கிழித்து உறை போடுகையில் படத்தைத் தலைகீழாக்கிவிட, வீடு முழுவதும் சிரிக்கும் சிரிப்பும் கதையிலே வரவேண்டும். அச்சிரிப்பைக் கேட்ட வாசகருக்கே, அடுத்த தவணையில் அவ்வீட்டிலிருந்து ஒருத்தி புறப்படாதபோது இழந்தது யாதெனப் புரியும். இழப்பின் அளவை அறிய முதலில் இருந்ததின் அளவு தெரிதல் வேண்டும்.

மொழியும் இங்கே சிந்திக்கற்பாலது. தமிழ் மூல இடைநிலைப் பாடசாலைகள் தொலைவிலுள்ள காரணத்தாற் சப்பிரகமுவையிலே சிங்கள மூலத்திற் படிக்கும் தோட்டப் பிள்ளைகள் உளர். அவர்கள் மாலையில் வீட்டுப்பாடத்தை விரிக்கும்போது தாயும் தந்தையும் அருகிலிருந்தும் அதற்கு அந்நியராகின்றனர். பிள்ளை தாயோடு ஒரு மொழியிற் பேசி மறுமொழியில் எழுதுகின்றது. இதனை இழப்பு என்றோ இணக்கம் என்றோ அவசரமாகப் பெயரிடுதல் விமர்சனத்துக்கு எளிது. விளக்கடியில் அம்மூவரும் இருக்கும் காட்சியைப் பொறுமையோடு எழுதும் படைப்பாளி அவ்விரண்டு பெயர்களுக்குள்ளும் அடங்காத ஒன்றைக் கண்டுகொள்ளக்கூடும்.

படைப்பாளிக்கு வழிகாட்டுவது விமர்சனத்தின் வேலையன்று. தன் கண்ணைத் திருத்திக்கொள்வதே அதன் முதல் வேலை. மலையகக் கதையொன்றைக் கையிலெடுக்கும்போது, வேலைக்களம் எங்கே, போராட்டம் எங்கே எனக் கேட்கின்றோம், அவ்வினாக்கள் தொடரட்டும். அவற்றோடு, இவ்வீட்டின் காலையில் சடை பின்னியது யார், மழை நாளன்று எவர் மகிழ்ந்தார், விடுமுறை முடிந்தபோது எவர் திரும்பவில்லை என்றும் கேட்போமாக. இம்மூன்று வினாக்களுக்கும் விடை தரும் கதை போராட்டத்தையும் தன்னுள்ளே கொண்டிருக்கும் என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த நாம் ஒவ்வொரு விடுமுறையின் முடிவிலும் திரும்பிச் சென்றவர்கள். நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களிற் சிலர் அவ்வாறு திரும்பவில்லை. ஆசிரியர் அவர்கள் பெயரை அழைப்பதை நிறுத்தியது இடாப்பின் ஒழுங்கு. நமது இலக்கியமும் அவ்வொழுங்கையே பின்பற்ற வேண்டுமென்ற நியதி இல்லை.